விமானிகளின் ஓய்வு வயதை உயர்த்துவது குறித்து உச்சிப்புளியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

பயணிகள் விமானங்களை ஓட்டும் விமானிகளின் உச்ச வயது வரம்பை 65-லிருந்து 67 ஆக உயர்த்த வேண்டும் என்று, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, 2025 செப்டம்பர் இறுதியில் மாண்ட்ரியலில் கூடிய, ஐ.நா.வின் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பேரவை முன் கோரிக்கை வைத்தது. பேரவை அதற்கு இசையவில்லை. ஆனாலும் கோரிக்கை அதோடு ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, விமான நிலையத் தரைகளில் மக்கள் படுத்துக் கிடந்த பிறகு, விமானி தட்டுப்பாட்டுக்குக் கைமருந்தாக இந்த வயது நீட்டிப்பைச் சொல்பவர்களின் குரல் இங்கும் கேட்கிறது. இந்தியா அந்த வழியில் போகக் கூடாது என்றும், போகப்போவதில்லை என்பதைத் தாங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் கடற்கரையோர அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' விமானத் தளம் 2009 முதல் இருப்பதால், பாடம் நடக்கும்போதே கூரைக்கு மேலே ஹெலிகாப்டர் கடந்து போகும். பிள்ளைகளின் கண் கரும்பலகையை விட்டுச் சன்னலுக்குப் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தால் விமானி ஆகலாம் என்று அவர்களிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் மகள் அதைக் கேட்டாள். இன்று அவள் வணிக விமானி உரிமம் பெற்றவள். விமான நிறுவனத்தில் பணி கிடைக்காதவள். எனவே நான் எழுதுவதில் என் வீட்டின் நலனும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 67 கேட்கிறவர்களின் வாதத்திலும் அவர்களுடைய நலன் கலந்தே இருக்கிறது என்பதால், இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

ஓய்வு வயதை உயர்த்தினால் என்ன நடக்கும் என்பதை நான் பிறர் சொல்லிக் கேட்கவில்லை. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்கள், ஆசிரியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தியது. அந்த நீட்டிப்பு எனக்கும் கிடைத்தது. முழுச் சம்பளம் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வந்தது. என் மகளின் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்தச் சம்பளம்தான் கட்டியது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதே இரண்டு ஆண்டுகளில் எங்கள் பள்ளியிலும் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் காலியாக வேண்டிய பணியிடங்கள் காலியாகவில்லை. பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் தேறி, வேலைவாய்ப்புப் பதிவையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவர்கள் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடியே வயதைக் கடத்தினார்கள். அவர்களில் ஒருவர் என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். பரமக்குடியில் ஒரு கைப்பேசிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். 2022-இல் ஓய்வுகள் மறுபடி தொடங்கியபோது, முன்பு போலவே ஆண்டுதோறும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் இந்த நீட்டிப்பால் புதிதாக ஓர் ஆசிரியர்கூட உருவாகவில்லை. பெருந்தொற்றுக் காலத்தின் நிதி நெருக்கடியில், ஓய்வுக்காலப் பணப்பலன்களை அரசு தள்ளிப்போட முடிந்தது என்பது மட்டுமே நடந்தது. அதற்கு அரசிடம் ஒரு காரணமாவது இருந்தது.

விமானிகள் விஷயத்திலும் கணக்கு இதேதான். வரம்பை 67 ஆக்கினால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் 65-ஐ எட்டுகிறவர்கள் மட்டும் தங்குவார்கள். அதுவும் ஒரே ஒரு முறை. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ஓய்வு பெறுவோரின் எண்ணிக்கை பழைய நிலைக்கே வந்துவிடும், ஆனால் அதற்குள் புதியவர்களைத் தயார்செய்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். இன்னும் 15, 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று அமைச்சகமே சொல்லிவருகிறது. அத்தனை பெரிய தேவைக்கு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஒரு சிறு பிரிவினரை இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்திருப்பது எப்படிப் பதிலாகும் என்பதை எனக்கு யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அமெரிக்கா இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது. 1960 முதல் அங்கே 60 என்று இருந்த வரம்பை 2007 டிசம்பரில் சட்டம் இயற்றி 65 ஆக்கினார்கள். ஒரே நாளில் மேல் இருக்கைகள் ஐந்து ஆண்டுகளுக்கு நிலைத்துவிட்டன. அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. துணை விமானிகள் தலைமை விமானி ஆவது நின்றது, பலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், இந்தத் தொழிலுக்குக் கடன் வாங்கிப் படிக்க வருவோர் குறைந்தார்கள். பிற்பாடு அங்கே பேசப்பட்ட தட்டுப்பாட்டுக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். 2023-இல் 67 ஆக்கும் பிரிவு ஒரு மசோதாவில் இடம்பெற்று அவர்களுடைய கீழவையில் நிறைவேறியது. ஆனால் 2024 மே மாதத்தில் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அது இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. நம் நாட்டில் விமான நிறுவனங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, நூற்றுக்கணக்கான விமானங்கள் வரவிருக்கின்றன, தலைமை விமானி இல்லாமல் துணை விமானி மட்டும் விமானத்தை எடுக்க முடியாது, ஆகவே மூத்த தலைமை விமானி ஒருவர் இரண்டு ஆண்டு கூடுதலாக இருந்தால் அவருக்கு அருகில் ஒரு துணை விமானிக்கும் வேலை கிடைக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தலைமை விமானிகள் குறைவாக இருக்கும் நிறுவனத்தில், சில மாதங்களுக்கு, இப்படித்தான் நடக்கும். ஆனால் தலைமை விமானிகள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த வாதம் கேட்பதே இல்லை. குறைந்தது 1,500 மணி நேரம் பறந்து, அதற்கான தேர்வுகளையும் மேல்நிலை உரிமத்தையும் பெற்று, விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சி இயந்திரமான சிமுலேட்டரிலும் பின்பு பயணத் தடங்களிலும் சோதிக்கப்பட்டு ஒரு துணை விமானி, தலைமை விமானி அமரும் இடப்பக்க இருக்கைக்கு மாற வேண்டும். அந்தப் பயிற்சிக்கு சிமுலேட்டர் நேரமும் பயிற்றுநர்களும் வேண்டும். இவற்றில் முதலீடு செய்வதைவிட இருப்பவரை இருத்திவைப்பது மலிவு என்றால், எந்த நிறுவனமும் மலிவானதையே செய்யும். அப்படிச் செய்யவிடாமல் தடுக்க வேண்டியது ஒழுங்குமுறை அதிகாரியான தங்கள் பொறுப்பு.

இன்னொரு சிக்கல் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஐகாவோ விதிப்படி பன்னாட்டு வணிகப் பறப்புகளில் 65 வயது நிறைந்தவர் விமானியாக இருக்க முடியாது. 2006 நவம்பரில் 60-லிருந்து 65 ஆக உயர்த்தப்பட்ட அந்த வரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. உள்நாட்டு விதியை மட்டும் இந்தியா மாற்றினால் என்ன ஆகும்? மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பயணம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 66 வயது விமானி அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்குப் போகக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட டெல்லிப் பயணத்துக்கு மட்டும் போகலாம் என்று ஆகும். உடல் தகுதிக்கும் இந்தப் பிரிவினைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அது வெறும் விநோதமாக நின்றுவிட்டால் பரவாயில்லை. நீண்ட தூரத் தடங்களில் அகன்ற உடல் விமானங்களை ஓட்டிவந்த மூத்த தலைமை விமானிகள் 65 வயதில் அந்த விமானங்களை விட்டு இறங்க வேண்டியிருக்கும். வேலையில் தொடர வேண்டுமென்றால் உள்நாட்டில் ஓடும் சிறிய ரக விமானத்துக்கு மாற வேண்டும். அதற்கு அவர்களுக்குப் புதிதாக டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி வேண்டும். அந்த சிமுலேட்டர் நேரம் எங்கிருந்து வரும்? புதிதாக வருகிறவர்களுக்கும், தலைமை விமானி ஆகக் காத்திருக்கிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டிய நேரத்திலிருந்துதான் வரும். பணி மூப்பு வரிசையில் மேலே இருப்பவர் கீழே இறங்கி வந்து, அங்கே இருப்பவரை இன்னும் ஒரு படி கீழே தள்ளுவார். ஓரிரு ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகும் ஒருவருக்காக இத்தனை பயிற்சியும் செலவாகும்.

உடல்நலத்தைப் பற்றி எழுதும்போது யாரையும் புண்படுத்த எனக்கு எண்ணமில்லை. நானும் அறுபதைக் கடந்தவள்தான். நடுவானில் விமானி செயலிழப்பது எந்த வயதிலும் நடக்கும். 2024 அக்டோபரில் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் நோக்கிச் சென்ற விமானத்தின் தலைமை விமானி பறக்கும்போதே இறந்தார். அவருக்கு 59 வயது. உடன் இருந்த விமானிகள் விமானத்தை நியூயார்க்கில் பத்திரமாக இறக்கினார்கள். 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில், பயணத்துக்குப் புறப்படவிருந்த நேரத்தில் சுருண்டு விழுந்து இறந்த விமானிக்கு வயது 40. இந்த இரண்டும் எனக்குச் சொல்வது, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தகுதியும் இருவரின் களைப்பும் வயது எண்ணைப் போலவே கவனிக்கப்பட வேண்டியவை என்பதுதான். ஐயாட்டாவின் கோரிக்கையே, 65-ஐக் கடந்தவருடன் அதற்குக் கீழ்ப்பட்டவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்த இளையவர் போதிய அனுபவத்தோடு இருக்க வேண்டும் என்றால் அவரை இப்போதே வேலைக்கு எடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். இதே போன்ற நிபந்தனை 2006-இல் 60 வயதுக்கு இருந்தது, 2014-இல் எடுத்துவிட்டார்கள். இன்று காப்பாகக் காட்டப்படுவது நாளை நீக்கப்படாது என்று எதை வைத்து நம்புவது?

கண்ணைப் பற்றி மட்டும் ஒரு இயற்பியல் ஆசிரியையாகச் சொல்கிறேன். வயது ஏற ஏற இருட்டில் கண்மணி விரியும் அளவு குறைகிறது, விழி வில்லை மங்குகிறது, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகும் நேரம் கூடுகிறது. வெளிச்சமான அறையில் உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லும் சோதனையில் இது முழுமையாகத் தெரியாது. பின்னிரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் என்பதைத் தங்கள் பணி நேர விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கலைந்த தூக்கத்திலிருந்து மீள்வதும் வயதானால் கடினம். என் மகளுக்குத் தரைப் பாடங்கள் நடத்திய ஓய்வுபெற்ற தலைமை விமானி ஒருவர், பகல் பயணம் என்றால் இன்னும் இரண்டு ஆண்டு மகிழ்ச்சியோடு ஓட்டியிருப்பேன் என்றும், இரவுப் பயண அட்டவணையை நினைத்தால் 65-இல் இறங்கியதே நல்லது என்று தோன்றுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் பகலில் மட்டும் ஓட்ட மூத்தவர்களை அனுமதித்தால், இரவுகள் எல்லாம் இளையவர்கள் தலையில் விழும். அட்டவணை போடுகிறவர்களுக்கு இது தெரியும்.

ஜப்பான் 2015-இல் தன் உள்நாட்டு வரம்பை 68-க்குக் கீழ் என்று உயர்த்தியதும், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்நாட்டில் உச்ச வயது வைக்காததும் எனக்குத் தெரியும். ஜப்பானில் அதற்குக் கூடுதல் மருத்துவச் சோதனைகள் நிபந்தனை; மக்கள்தொகையே மூப்படைந்து, இளைஞர்கள் கிடைக்காத நாடு அது. இந்தியாவில் இளைஞர்கள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2023-இல் மட்டும் தங்கள் இயக்குநரகம் 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. பெண் விமானிகளின் விகிதத்தில் உலக சராசரியைவிட இந்தியா மூன்று மடங்கு மேலே இருப்பதாக அரசு பெருமையோடு சொல்கிறது. அந்தப் பெருமையின் ஓரத்தில் என் மகளைப் போன்றவர்களும் நிற்கிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விமான இருக்கைக்கும் நடுவில் உள்ள வழிதான் அடைந்து கிடக்கிறது.

அந்த வழி எப்படி இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். என் மகளின் பயிற்சிக்கு என் ஜி.பி.எஃப். பணமும், துபாயில் என் கணவர் சேர்த்ததும் போதவில்லை. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈடு கேட்கும் என்பதால் உச்சிப்புளி வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வட மாநிலத்தில் அவள் சேர்ந்த பயிற்சிப் பள்ளி விளம்பரத்தில் சொன்ன காலத்துக்குள் அந்த மணி நேரத்தைத் தரவில்லை. குளிர்காலம் முழுதும் மூடுபனி. அது இயற்கை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழுதான பயிற்சி விமானங்களுக்கு உதிரிபாகம் வரவில்லை என்று வாரக்கணக்கில் நிறுத்திவைத்ததும், இருந்த பயிற்றுநர்கள் விமான நிறுவனங்களில் வேலை கிடைத்துப் போனபின் புதியவர்களை நியமிக்காமல் இருந்ததும், அதே நேரத்தில் அடுத்த குழு மாணவர்களைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொண்டதும் இயற்கையல்ல. விடுதிக் கட்டணம் மட்டும் தவறாமல் மாதம்தோறும் கேட்கப்பட்டது. கேள்வி கேட்ட பெற்றோருக்குக் கிடைத்த பதில், பறக்கும் அட்டவணையில் அவர்களின் பிள்ளை பெயர் இன்னும் கீழே போனது. 2025-இல் பறக்கும் பயிற்சிப் பள்ளிகளை இயக்குநரகம் முதன்முறையாகத் தரவரிசைப்படுத்தியபோது, உயர்ந்த தரப் பிரிவில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை என்ற செய்தி எங்களுக்கு வியப்பளிக்கவில்லை. அந்தத் தரவரிசையைத் தொடங்கியது நல்ல செயல். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தரவரிசை வந்ததால் யாருடைய பணமும் திரும்பவில்லை, யாருடைய காலமும் திரும்பவில்லை.

உரிமம் கையில் வந்த பிறகு செலவு நிற்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு ரகத்துக்கு டைப் ரேட்டிங் பெறப் பல லட்சங்கள் தனியாக வேண்டும். சில நிறுவனங்கள் சொந்தப் பயிற்சித் திட்டம் என்ற பெயரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கோடியைத் தொடும் தொகையைக் கேட்கின்றன. முன்பே உரிமம் பெற்றவர்கள் அதில் பாதி வழியில் நுழைவதற்கும் பெருந்தொகை கட்ட வேண்டும். வேலை உறுதி இல்லாமல் அந்தப் பணத்தைக் கட்டுவதா, கட்டாமல் இருந்து வேலைக்கே தகுதியற்றவளாகப் போவதா என்ற கேள்வி பல இரவுகள் எங்கள் வீட்டில் பேசப்பட்டது. இதற்கிடையே, வேலை இருக்கிறதோ இல்லையோ, ஆண்டுதோறும் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளைக் கொண்டே ஓட்டும் கருவி வழிப் பறத்தலுக்கான தகுதியையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு விமானம் வாடகைக்கு எடுத்துப் பறந்து காட்ட வேண்டும். சம்பளம் வாங்கும் விமானிக்கு இதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலையற்ற விமானிக்கு இது, வேலை தேடிக்கொண்டிருக்கும் உரிமைக்காக ஆண்டுதோறும் கட்டும் வரி. என் மகள் இப்போது சென்னையில் தங்கி, இயக்குநரகத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வழியறிதலும் வானிலையியலும் கற்பித்து, அதில் வருவதைக் கொண்டு தன் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கிறாள். அவள் பாடம் சொல்லி அனுப்பும் பிள்ளைகளும் அதே வரிசையில் வந்து அவளுக்குப் பின்னால் நிற்கப்போகிறார்கள்.

இந்த வரிசை நிற்கும்போது வரிசையின் முன்பக்கத்தில் ஆட்கள் இல்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்? 2025 டிசம்பரில் நடந்ததை நாடே பார்த்தது. வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகக் கூட்டியதும், இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையைக் குறைத்ததும், இரவு என்பதைக் காலை ஆறு மணி வரை நீட்டியதும் தங்கள் இயக்குநரகம் கொண்டுவந்த நல்ல விதிகள். முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்த விதிகள். அவற்றுக்கு ஏற்ப ஆள் சேர்க்காததால் நெருக்கடி வந்தது. நெருக்கடி வந்ததும் ஆள் சேர்க்காதவர்களுக்குத் தண்டனை முந்தி வரவில்லை. விதிகளுக்குத் தற்காலிக விலக்குதான் முந்தி வந்தது. சிக்கித் தவித்த பயணிகளை முன்னிட்டு அதைச் செய்ததாகத் தாங்கள் சொல்லலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டுப்பாட்டை உண்டாக்கினால் விதி தளரும் என்ற பாடத்தை நிறுவனங்கள் அன்று கற்றுக்கொண்டன. அடுத்த முறை தளரப்போவது வயது வரம்பு என்றே நான் அஞ்சுகிறேன். ஓய்வு நேரத்தையும் குறைத்து, ஓய்வு வயதையும் கூட்டினால், களைத்த உடல்களைக் கொண்டே கூடுதல் விமானங்களை ஓட்டலாம். கணக்குப் புத்தகத்துக்கு அது பொருந்தும்.

மூத்த விமானிகளின் அனுபவத்தை வீணாக்கச் சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் விசைப்படகு ஓட்டி ஓய்ந்த பெரியவர்கள் சுக்கானை இளையவனிடம் கொடுத்துவிட்டு, நீரோட்டம் திரும்பும் இடத்தையும் பாறை இருக்கும் இடத்தையும் கரையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுப்பார்கள். 65-ஐக் கடந்த தலைமை விமானிகளுக்கு சிமுலேட்டர் மையங்களிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் அப்படிப்பட்ட இடம் இருக்கிறது. பயிற்றுநர் இல்லாமல் நின்றுபோன வகுப்புகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். விமான நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட முடியாத தொகையே அங்கே தரப்படுவதால் அவர்கள் வருவதில்லை. அந்தச் சம்பளத்தை உயர்த்துவதற்கு எந்தப் பன்னாட்டுப் பேரவையின் அனுமதியும் தேவையில்லை.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் கேட்கிறேன்.

ஐகாவோவின் பன்னாட்டு வரம்பு 65 ஆக இருக்கும்வரை உள்நாட்டு வரம்பும் 65-ஐத் தாண்டாது என்பதைத் தாங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஐகாவோவில் இந்தக் கோரிக்கை மறுபடி வரும்போது இந்தியா எடுக்கவிருக்கும் நிலையை முன்கூட்டியே பொதுவில் வைத்து, விமான நிறுவனங்களிடம் மட்டுமன்றி, துணை விமானிகளிடமும் வேலைக்குக் காத்திருக்கும் உரிமம் பெற்றவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். என்றாவது வரம்பை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், நம் நாட்டு விமானிகளின் மருத்துவத் தகுதி நீக்கம் பற்றிய வயதுவாரியான விவரங்களைச் சுதந்திரமான மருத்துவக் குழுவொன்று ஆராய்ந்து, அந்த அறிக்கை வெளியான பின்னரே அது நடக்க வேண்டும்.

வணிக விமானி உரிமம் வைத்திருப்போர் எத்தனை பேர், அவர்களில் விமான நிறுவனப் பணியில் இருப்போர் எத்தனை பேர், காத்திருப்போர் எத்தனை பேர், அடுத்த ஐந்து ஆண்டுகளில் 65 வயதை எட்டும் தலைமை விமானிகள் எத்தனை பேர் என்ற நான்கு எண்களையும் ஆண்டுதோறும் ஒரே அறிக்கையில் வெளியிட வேண்டும். தட்டுப்பாடு என்று சொல்லி விலக்குக் கேட்கும் நிறுவனம், அதற்கு முந்தைய ஆண்டில் எத்தனை புதிய துணை விமானிகளை எடுத்தது, எத்தனை பேரைத் தலைமை விமானி ஆக்கியது என்பதைக் காட்டாமல் எந்த விலக்கும் பெறக் கூடாது. பணி நேர விதிகளில் ஓய்வைக் குறைக்கும் விலக்கு இனி எவருக்கும் கூடாது.

பயிற்சிப் பள்ளிகள் மாணவரைச் சேர்க்கும்போது எந்த மாதத்துக்குள் 200 மணி நேரத்தை முடித்துத் தருவோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தவறினால் அதற்கேற்ப கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். தரவரிசையில் கீழே நிற்கும் பள்ளிகள் குறை நீங்கும்வரை புதிய மாணவர்களைச் சேர்க்கத் தடை வேண்டும். டைப் ரேட்டிங் செலவை நிறுவனமே முதலில் ஏற்று, பணியில் சேர்ந்தபின் சம்பளத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்ளும் முறையை விதியாக்க வேண்டும். வேலைக்குக் காத்திருப்போர் தகுதியைப் புதுப்பிக்கும் செலவைக் குறைக்க அரசு பறப்புப் பயிற்சி நிறுவனங்களில் அவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் நேரம் ஒதுக்க வேண்டும்.

இவற்றில் பின்னவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். முதலில் கேட்ட அறிவிப்புக்கு நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் அதைத் தாங்கள் அவையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.